மைக்செட் அண்ணாச்சியின் கோபத்துக்குப் பெயர் தேடிய கதை

பாளையங்கோட்டையில் மைக்செட் அண்ணாச்சியிடம் ஏச்சு வாங்காதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் அன்று காலைதான் ரயிலைவிட்டு இறங்கியிருப்பார். சாயந்தரத்துக்குள் அவருக்கும் கிடைத்துவிடும்.

கல்யாணம், கோயில் கொடைவிழா, சர்ச் அசன விருந்து எதுவானாலும் ஒலிபெருக்கி அவருடையதுதான். அவருக்கென்று ஒரு பெயரும் இருந்தது. வாக்காளர் அட்டையைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. அவர் வீட்டு மாடியில் நான் ஒன்பது வருடம் குடியிருந்தேன். வீடு காட்டிய தரகர், "தண்ணி நல்லா வரும் சார். கீழ இருந்து சத்தம் மட்டும் கொஞ்சம் வரும்" என்றார். மைக்செட் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கல்யாணத்தில் யாரோ பெரியவர் வாழ்த்திப் பேச முன்கூட்டியே எழுந்து, மைக்கை விரலால் இரண்டு தட்டு தட்டினார். அண்ணாச்சி கையில் இன்னொரு மைக் இருந்தது. "ஏலே, எவம்லே மைக்கைத் தட்டுதது? அது என்ன தேங்காயா, முத்திருச்சான்னு தட்டிப் பாக்க?" நான்கு குழாய்களிலும் கேட்டது. நாதஸ்வரம் நின்றது. தாலியில் மூன்றாவது முடிச்சு போட இருந்த கையும் நின்றது. தட்டியவர் மாப்பிள்ளையின் தாய்மாமா. கால் மணி நேரம் கழித்துப் பந்தியில் பார்த்தால், அண்ணாச்சி அதே மாமாவுக்குத் தன் கையாலேயே அப்பளம் வைத்துக்கொண்டிருக்கிறார், கண் கலங்கி.

அதுதான் அவர் கணக்கு. வெடிக்கும், கால் மணி நேரம் எரியும், பிறகு ஒன்றும் இருக்காது. தெருவுக்கே அது பொழுதுபோக்கு. டீக்கடையில் நான் அவரைப்போலப் பேசிக்காட்டுவேன். அவர் குரலை வைத்து நான் குடித்த டீயில் ஒரு தொட்டி நிரம்பும். அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, மட்டும் சிரித்ததே இல்லை. பாவம், நகைச்சுவை உணர்வு இல்லை என்று நான் வருத்தப்பட்டதுண்டு.

ஒருநாள் டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. அதற்காக அண்ணாச்சி ஓர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். ப்ளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகளின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அவள் அழவில்லை. புத்தகத்தை மூடி வைத்தாள். மறுநாள் தாயும் மகளும் சாத்தான்குளத்தில் மதினியின் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வாசலில் மதினி என்னிடம் சொன்னாள்: "தம்பி, இவுகளுக்கு என்னன்னு ஒரு நல்ல டாக்டர்ட்டக் கேட்டுச் சொல்லுங்க. குணம்னு சொன்னா நான் வரமாட்டேன். நோயின்னா வந்து பாக்கேன்."

எங்கள் பக்கம் டாக்டரிடம் நோயாளி பேசுவதில்லை. கூடப் போனவர்தான் பேச வேண்டும். நோயாளியின் வேலை நாக்கை நீட்டுவது. கூடப் போனவன் நான்.

முதல் டாக்டரிடம் அண்ணாச்சியின் மானத்தைக் காப்பாற்றினேன். "கொஞ்சம் முன்கோபம் டாக்டர், மத்தபடி தங்கம்." தங்கம் கைகட்டி உட்கார்ந்திருந்தது. பிரஷர் சரி, தைராய்டு சரி. வாயுவுக்கு மாத்திரை கிடைத்தது.

குறைத்துச் சொன்னதுதான் தப்பு என்று புரிந்தது. அடுத்து ஒரு மனநல மருத்துவர். இங்கே என் திறமை முழுவதையும் இறக்கினேன். "மூணு நாள் தூங்காம நிப்பாரு டாக்டர்! ஊரையே விலைக்கு வாங்கப் போறேம்பாரு!" மூன்று நாள் தூங்காதது கோயில் கொடைக்கு, அது அவர் தொழில். வாங்கப் போவதாகச் சொன்னது ஒரு ஸ்பீக்கர் பெட்டி. டாக்டர் பாவம், என் கதைக்கு வைத்தியம் பார்த்தார். 'பைபோலார்' என்று எழுதி மாத்திரை கொடுத்தார்.

அண்ணாச்சி உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். கை நடுங்கி, மைக் வயரைச் சொருக முடியவில்லை. இரண்டு தூக்கத்துக்கு நடுவே கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவரைப் பழையபடி ஏசினார். "வே, தூக்கமும் வருது, கோவமும் வருது. ரெண்டுல ஒண்ணு வந்தா போதும்வே" என்றார்.

மூன்றாவது ஒரு டாக்டரம்மா. நான் தொண்டையைச் செருமியதுமே கேட்டார், "நீங்க யாரு?"

"மாடியில குடியிருக்கேன்."

"சரி, நீங்க வெளிய இருங்க. இவர் பேசட்டும். அடுத்த தடவை வீட்டுல உள்ளவங்களக் கூட்டிட்டு வாங்க."

போன் செய்தேன். மதினி வந்தாள், மஞ்சள் பையில் இரண்டு வருட மாதக் காலண்டர்களைச் சுருட்டிக்கொண்டு. பால் வராத நாளுக்குப் பெருக்கல் குறி, சிலிண்டர் மாற்றிய நாளுக்கு வட்டம் எல்லா வீட்டிலும் உண்டு. இவளுடையதில் அவற்றுக்கு நடுவே நீல மையில் பொடி எழுத்து. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டு அதைக் காட்டினார். 'ரிமோட். 15 நிமிசம். அப்புறம் அழுதாங்க.' 'சட்னியில உப்பு. 10 நிமிசம். மாடித் தம்பி சிரிச்சாங்க.'

மாடித் தம்பி அந்த வரியை இரண்டு தடவை படித்தான்.

"மூணு நாள் தூங்க மாட்டாருன்னு சொன்னது யாரு?" பழைய டாக்டரின் சீட்டைப் பார்த்தபடி கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன்.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். பைபோலார் என்றால் அந்த மனநிலை நாள்கணக்கில் நிற்கும். இவருடையது நிமிஷக்கணக்கில் வந்து போகிறது. காரணம் கடுகளவு, வெடிப்பு மலையளவு. நடுவில் நல்லாத்தான் இருக்கிறார். குடி, வலிப்பு, தலையில் அடி எல்லாம் விசாரித்தாயிற்று, எதுவும் இல்லை. இடைவிட்டு வெடிக்கும் கோபக் கோளாறு என்று இதற்குப் பெயர்.

அண்ணாச்சி பைய வாயைத் திறந்தார். "அப்ப இது என் குணம் இல்லியாம்மா?"

"நோய்தான். ஆனா சாக்கு இல்ல. பாதி வேலையத்தான் மாத்திரை செய்யும். மீதி நீங்கதான் செய்யணும். கோவம் ஏறுதுன்னு தெரிஞ்சதும் அந்த இடத்தவிட்டு வெளிய போயிருங்க. யார்ட்டயாவது பேசுங்க."

நோய் என்றதும் மதினி ஓடி வந்துவிடவில்லை. பழைய மாத்திரையை டாக்டரம்மா சொன்னபடி படிப்படியாக நிறுத்தி, புதியதைத் தொடங்கி, வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சைக்கு அவர் ஒழுங்காகப் போகிறாரா என்று சாத்தான்குளத்திலிருந்தே பார்த்தாள். மூன்று மாதம் கழித்து வந்தாள். பரீட்சை முடிந்த பிறகு மகள் வந்தாள். இப்போதும் அப்பா எழுந்தால் ஒரு கணம் நிமிர்ந்து பார்க்கிறாள். அண்ணாச்சிக்கு அது தெரியும். பைய எழுந்திருக்கப் பழகிக்கொண்டிருக்கிறார்.

கோபம் அறவே போய்விடவில்லை. ஆனால் வந்தால் தெருவுக்கு வந்துவிடுகிறார். நான் பெருமாள்புரத்துக்கு வீடு மாறி ஒரு வருடம் ஆகிறது. திடீரென்று போன் அடிக்கும்.

"வே, ஏறுது. எதையாவது பேசும்."

நான் பேசுவேன். கத்தரிக்காய் விலை, என் வீட்டில் எனக்குக் கிடைக்கும் மரியாதை, ஸ்கூட்டரில் நான் எருமைக்கு வழிவிட்டு வாய்க்காலில் இறங்கியது. அந்தப் பக்கம் மூச்சும் செருப்புச் சத்தமும் மட்டும் கேட்கும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். "சரிவே, வையும்" என்பார்.

எப்போது அடிக்கும் என்று சொல்ல முடியாது. குளிக்கப் போனாலும் இப்போது போனை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.