முந்நூற்றறுபது மில்லிமீட்டர் சம்பந்தம்

ஹட்டன்,
ஞாயிற்றுக்கிழமை.

கொழும்பில் கம்ப்யூட்டர் சாமான் கடையும், ஓய்வு நேரத்தில் என் கல்யாணப் பேச்சும் நடத்திவரும் தரணிதரன் மாமா அவர்களுக்கு,

மருமகன் நிரஞ்சன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அம்மா நலம், அப்பாவின் முழங்கால் அப்படியே இருக்கிறது, மழை விடவில்லை. நீங்களும் அத்தையும் நலமா என்று கேட்பது முறை, கேட்டுவிட்டேன். போனில் சொன்னால் "சரி சரி, பார்ப்போம்" என்று பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன். இதோடு பார்சலில் வருவது நீங்கள் அனுப்பிய லிக்விட் கூலர்தான். அதன் இரண்டு குழாயும் வெட்டப்பட்டிருக்கும். பதறாமல் மேலே படியுங்கள்.

நோர்வூட் பஜாரில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் கணேசமூர்த்தியின் மகள் ரூபிகாவை எனக்குப் பேசியது நீங்கள். பெண் கம்ப்யூட்டரில் கேம் ஆடுகிறவள், மாப்பிள்ளையோ கம்ப்யூட்டர் படித்தவர், அவர் கையாலேயே ஒரு நல்ல மெஷின் செய்து கொடுக்கட்டும், அது ஓடியதும் பரிசம் போடலாம் என்று அந்த மனிதர் சொன்னபோது தலையாட்டியதும் நீங்கள். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஸ்க்ரூட்ரைவரோடு நோர்வூட் பஸ் ஏறுகிறேன். மெஷினும் ஒழுங்காக ஓடவில்லை, பரிசமும் போடவில்லை.

ரூபிகா கேட்ட ப்ராசஸர் சாதாரண ஃபேனுக்கு அடங்காத ரகம். லிக்விட் கூலர்தான் வேண்டும் என்றேன். பம்ப் ஒன்று, குழாய் இரண்டு, ஃபேன் பொருத்திய ரேடியேட்டர் ஒன்று, உள்ளே ஓடும் திரவம் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும், எல்லாம் கம்பெனியிலேயே சீல் வைத்தது என்று பொறுமையாக விளக்கினேன். எனக்குப் பொறுமை எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியும். கணேசமூர்த்தி முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, ஆடி மாசம் நாங்க ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கோம். இந்த ஊர்ல கூலர் யாருக்கு? இத்தன வருஷக் கடையில ஒரு ஃபேன் வித்ததில்ல" என்றார். உங்களுக்குக் குளிர்ந்தால் ப்ராசஸருக்குக் குளிராது என்றேன். அதன் பிறகு அளவில் பிடித்துக்கொண்டார். இருநூற்று நாற்பது மில்லிமீட்டர் ரேடியேட்டர் போதும், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் அதுதான் போகும் என்று நான் சொல்ல, "அதவிடப் பெருசு இல்லியா?" என்றார். முந்நூற்றறுபது இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அதையே போடுங்க. மாப்பிள்ள சின்னதா வச்சிட்டாருன்னு பஜார்ல பேசக்கூடாது." பஜாரில் எவன் மாமா ரேடியேட்டரை அளந்து பார்க்கிறான்? கூலருக்காகப் பெட்டியை மாற்றினேன், பெட்டி பெரிதாகிவிட்டதால் மேசையை மாற்றினார்கள், மேசை பெரிதாகிவிட்டதால் சாமி அலமாரி கூடத்துக்குப் போயிற்று.

நிறத்தில் பிடித்துக்கொண்டவள் ரூபிகா. "கறுப்பா? பாக்கவே சகிக்காது. வெள்ள போடுங்க" என்றாள். நிறத்துக்கும் சூட்டுக்கும் தொடர்பே இல்லை என்றேன். "உங்களுக்கும் பேசத் தெரியிறதுக்கும் அதே மாதிரிதான்" என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் இதே சண்டைதான். அவளுக்கு என்னைக் கண்டாலே ஆகாது, அதை இந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் வெள்ளையே பொருத்தி ஓடவிட்டேன். அழகாக ஓடியது. மறுவாரம் போனால், ஆட ஆரம்பித்தவுடன் மெஷின் அணைகிறது என்கிறார்கள். பார்த்தால் ரேடியேட்டர் முழுவதும் கணேசமூர்த்தியின் கம்பளிக் காலுறைகள். "அதுலருந்து சும்மாதானே சூடு வருது? இந்த மழையில எதைக் காயப்போட முடியுது?" என்று அவருடைய மனைவி சிவகாமசுந்தரி என்னையே கேட்டார். காலுறையை எடுத்துவிட்டுக் காற்று போக வேண்டிய காரணத்தைச் சொன்னேன். போன வாரம் அதே இடத்தில் மழைக்குல்லாய்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கணேசமூர்த்திக்கு ஒரு யோசனை வந்தது. மேல் தோட்டத்துப் பீலிக் குழாயில் மலைத்தண்ணீர் இரவும் பகலும் கொட்டுகிறது, அங்கிருந்து ஹோஸ் போட்டுத்தான் அவர் வீட்டுக்கே தண்ணீர் வருகிறது. "தம்பி, ஐஸ் மாதிரி தண்ணி தானா ஓடி வருது. அதே பழைய தண்ணிய எதுக்குப் போட்டுச் சுத்தவிடணும்? இந்தக் குழாய ரெண்டா வெட்டி ஒரு பக்கம் பீலிய மாட்டிட்டா, மறுபக்கம் கத்திரிப் பாத்திக்குப் போயிரும். பம்பே வேணாம்." மெஷினில் கைவைத்தால் நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று காலை போனேன். இரண்டு குழாயும் சுத்தமாக வெட்டிக் கிடக்கின்றன. போர்டில் ஒரு சொட்டுக்கூடப் படாதது அவர் செய்த புண்ணியம். "சத்தியமா நான் வெட்டல தம்பி" என்கிறார், கையில் ஹோஸ் கிளிப் வைத்துக்கொண்டு.

மாமா, என்னால் முடியவில்லை. மெஷினைக் குளிர்விக்கப் போய் நான்தான் கொதித்துக்கொண்டிருக்கிறேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று நீங்களே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். எனக்குக் கல்யாணமே வேண்டாம். இங்கே நான் வேலை செய்யும் கடையில் பிரிண்டர் பழுது பார்த்துக்கொண்டு ஒருமாதிரி காலத்தைத் தள்ளிவிடுவேன்.

அத்தைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அன்பு. உங்கள் கடை செழிக்கட்டும். கல்யாணப் பேச்சு மட்டும் செழிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மனம் நொந்த மருமகன்
நிரஞ்சன்

பி.கு: பார்சலைக் கட்டிக்கொண்டிருக்கும்போது ரூபிகா எனக்குப் போன் எடுத்தாள். "அப்பாவத் திட்டாதீங்க. நான்தான் வெட்டுனேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "பரிசம் போட்டுட்டா கல்யாணம் வரைக்கும் நீங்க வீட்டுப் பக்கம் வரக்கூடாதாம். கல்யாணம் தையிலதான். அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமைக்கு நான் யார்கூடச் சண்ட போடுறது?" அவளே தொடர்ந்து, "பிளக்கக் கழட்டிட்டு, ரேடியேட்டர வெளியே எடுத்து, அடியில பேசின் வச்சுத்தான் வெட்டுனேன். பயப்படாதீங்க" என்றாள். மாமா, அதுதான் சரியான முறை. நானே அப்படித்தான் வெட்டியிருப்பேன்.

ஆகவே மேலே எழுதியிருப்பதைப் படித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். நோர்வூட்டுக்கு எதுவும் சொல்ல வேண்டாம். புதுக் கூலருக்கு அவசரமில்லை. அனுப்புவதாக இருந்தால் நானூற்றிருபதாகப் பார்த்து அனுப்புங்கள். அந்தப் பெட்டிக்குள் அது எந்தப் பக்கமும் போகாது.