கொடிக்கயிற்றில் ஓடிய அலை

இந்த ஞாயிற்றுக்கிழமை போர்வை உதறுவதில்லை. சனிக்கிழமையே முடிவெடுத்துவிட்டேன். உலகமே தலைகீழானாலும் சரி. நாலு மணிக்கு டிவியில் இறுதி ஆட்டம். அதற்கு முன் சோபாவில் ஒரு குட்டித் தூக்கம். இதுகூட இல்லையென்றால் அப்புறம் என்ன ஞாயிற்றுக்கிழமை?

எங்கள் வீட்டுப் போர்வைகளில் இருக்கும் தூசியைக் கொண்டு தோட்டமே போடலாம். மூன்று வாரமாக முதுகுவலி என்று சொல்லித் தப்பித்துவந்தேன். உண்மையில் முதுகு கல்லு மாதிரி திடமாக இருக்கிறது. அது நமக்குள் இருக்கட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் மனைவி வந்தாள்.

"என்னங்க, முதுகு?"

"உயிர் போகுது."

"அடப்பாவமே. நம்ம பொண்ணுக்கு அலைகள் பாடம் மண்டையில ஏறலையாம். நாளைக்குப் பரீட்சை. நீங்களோ படுத்த படுக்கை. யாரைப் போய்க் கேட்பா?"

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பாடம் நடத்துகிறவன் கையில் யாராவது போர்வையைத் திணிப்பார்களா? பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"சொல்லிக்கொடுக்க வாய் போதும், முதுகு எதுக்கு? வரச்சொல்லு அவளை!"

மகள் வந்து உட்கார்ந்தாள்.

"அலைன்னா, ஆற்றல் ஓரிடத்துலேருந்து இன்னோரிடத்துக்குப் போறது. பொருள் கூடப் போகாது."

"பொருள் போகாம ஆற்றல் மட்டும் எப்படிப்பா போகும்?"

"ஒரு கயிறு இருந்தா காட்டிடுவேன்..."

"மாடியில கொடிக்கயிறு இருக்கே!" என்றது சமையலறை.

மாடிக்குப் போனோம். கயிற்றின் ஒரு முனை குழாயில் கட்டியிருந்தது. மறுமுனையை அவிழ்த்துக் கையில் பிடித்து ஒரு சுண்டு சுண்டினேன். சின்ன மேடு ஒன்று குழாய்வரை ஓடியது.

"தெரியலையேப்பா. கயிறு மெலிசா இருக்கு."

"இருங்க, இதை மேல போடறேன்." போர்வைகளை அள்ளிக்கொண்டு மனைவி வந்துவிட்டாள். "இது மேலயும் கீழயும் ஆடினா குழந்தைக்கு நல்லாத் தெரியும்."

அறிவியலில் இவளுக்கு இத்தனை ஆர்வமா! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"வீச்சுன்னா என்னப்பா?"

"எவ்வளவு உயரம் ஆடுதுங்கறது." கையை ஓங்கி ஆட்டினேன்.

"அதிர்வெண்?"

"ஒரு நொடியில எத்தனை தடவை ஆடுதுங்கறது." வேகமாக ஆட்டினேன்.

"ரெண்டும் சேர்ந்து அதிகமானா?"

ஆட்டினேன். தூசி மண்டலத்தில் மனைவியைக் காணவில்லை. தும்மிக்கொண்டே முழங்கினேன்.

"பார்! போர்வை இருந்த இடத்துலயே இருக்கு. அலை மட்டும் குழாய்வரைக்கும் போயிடுச்சு!"

"அப்போ தூசி மட்டும் ஏன்பா கிளம்பிப் போகுது?"

"அது பாடத்துல இல்லை."

"கனமான பொருள்னா அலை எப்படிப் போகும்னு பார்க்க வேண்டாமா?" என்று மனைவி ஹால் கம்பளத்தையும் தூக்கிப் போட்டாள். அதையும் பார்த்தோம். சட்டை தொப்பலாக நனைந்தது. பத்து வருஷத்தில் இப்படி ஒரு பாடம் நான் நடத்தியதில்லை.

"நாளைக்குப் பரீட்சையில பொளந்து கட்டிடுவே!" என்றேன் மகளிடம்.

"பரீட்சை போன வாரமே முடிஞ்சிடுச்சுப்பா. நூத்துக்கு நூறு."

மனைவியைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்த போர்வைகளை அவள் நிதானமாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"முதுகு இப்போ எப்படி இருக்கு?"

நான் கீழே கிடந்த கயிற்று முனையைக் குனிந்து எடுத்தேன்.

"சரியாயிடுச்சு போல. அப்போ நாலு மணிக்குப் பீரோவை அந்த ரூமுக்கு மாத்திடலாம். ஆனா ஒண்ணுங்க, இதுல ஆற்றல் மட்டும் போனாப் பத்தாது. பொருளும் கூடப் போகணும்."