சலவைக் கூடையில் ஒரு வினைச்சொல்

பாசமும் மரியாதையும் நிறைந்த வாத்தியார் மச்சானுக்கு,

உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டவன் எழுதுவது. நாங்கள் இருவரும் உடம்பளவில் சௌக்கியம். நீங்களும் அக்காவும் மனதளவிலும் சௌக்கியமாகவே இருப்பீர்கள்; ஆங்கிலத்தை எங்கள் வீட்டுக்கு ஏவிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களுக்கு என்ன குறை? போனில் சொல்லலாம் என்றால் உங்கள் தங்கை பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் கடிதம்.

அவள் வேலை பார்க்கிற ஓட்டலின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர் பதவி காலியானதும், புது மேலாளருக்கு ஆங்கிலம் தவிர வேறெதுவும் வராது என்பதும், வெள்ளிக்கிழமை நேர்முகத் தேர்வு என்பதும் உங்களுக்குத் தெரியும். வேறு யாராவது இலக்கணப் புத்தகம் ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கியிருப்பார்கள். நீங்களோ, "எல்லா வினைச்சொல்லும் எதுக்கும்மா? 'கெட்'ங்கிற ஒண்ணைப் பிடிச்சுக்கோ, அதை வச்சே குடும்பம் நடத்திடலாம்" என்று சொல்லிவிட்டீர்கள். நடத்துகிறாள் மச்சான், நடத்துகிறாள்! காலையில் என்னை எழுப்ப கெட் அப், குளியலறை வாசலில் நின்று கெட் அவுட், மழை வந்தால் துணி கெட் வெட், நான் முறைத்தால் டோன்ட் கெட் ஆங்ரி, என் தலையைப் பார்த்தால் கெட் எ ஹேர்கட். ஒரே சொல் வாங்குகிறது, ஆகிறது, போய்ச் சேர்கிறது, அடுத்தவனை வேலை செய்ய வைக்கிறது. ஒரே ஆள் ஓட்டுநர், நடத்துநர், பயணி, பரிசோதகர் எல்லாமாக இருந்தால் பஸ் உருப்படுமா? காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் கேட்கிறேன். அவளிடமும் கேட்டேன். "நம்ம போடு மட்டும் என்னவாம்? சட்டை போடுறோம், கணக்கு போடுறோம், சண்டை போடுறோம், நீங்க மத்தியானம் குட்டித் தூக்கம் போடுறீங்க. அந்த பஸ் மட்டும் நல்லா ஓடுதா?" என்றாள்.

அத்தோடு விட்டாளா? வெள்ளையையும் கலரையும் பிரித்துப் பிரித்துப் பழகிய கை சும்மா இருக்குமா? கூடத்தில் பிளாஸ்டிக் கூடைகளை வரிசையாக வைத்துவிட்டாள். கெட் வருகிற வாக்கியங்களைத் துண்டுக் காகிதங்களில் எழுதி என்னிடம் கொடுப்பாள். கிடைக்கிற கெட் நீலக் கூடைக்கு, ஆகிற கெட் பச்சைக்கு, போய்ச் சேருவது சிவப்புக்கு, செய்ய வைப்பது மஞ்சளுக்கு, புரிந்துகொள்வது வெள்ளைக்கு. எதிலும் சேராததை வாளியில் ஊறப்போட வேண்டும். சரியாகப் போட்டால்தான் டீ. 'ஐ காட் த ஷர்ட் வாஷ்டு' என்பதை நான் நீலத்தில் போட்டேன். "சட்டையைத் துவைச்சது வேற ஆளு, இவரு துவைக்க வச்சாரு. மஞ்சள்!" என்றாள். "இந்த வீட்டுல நான் யாரை என்னத்த செய்ய வச்சிருக்கேன்?" என்று கேட்டேன். அன்றைக்கு டீ போச்சு.

பிறகு நேர்முகத் தேர்வு ஒத்திகை. மேலாளர் நான்தான். என் பழைய சீருடைக் கோட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் உட்காருவேன். அவள் சமையலறைக் கதவைத் தட்டிவிட்டு வருவாள். ஒரு உண்மையைச் சொல்கிறேன் மச்சான், நாங்கள் இரண்டு பேரும் இவ்வளவு பேசி, இவ்வளவு சிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது. நேற்று அவள் பிசகே இல்லாமல் பேசினாள். கறை போகாதது, இயந்திரம் நின்றுபோவது, ஆட்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது, எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லை வைத்தே சமாளித்தாள். எந்த மேலாளரும் அங்கேயே வேலையைக் கொடுத்துவிடுவார். நான் கொடுக்கவில்லை. "யூ டோன்ட் கெட் த ஜாப்" என்றேன்.

"ஏன்? எங்க தப்பு விட்டேன்?"

"மேலாளர் காரணம் சொல்லமாட்டாரு."

"அந்தக் கோட்டைக் கழட்டிட்டு என் புருஷனா சொல்லுங்க."

கழற்றினேன். "நீ அந்தப் பதவிக்குப் போயிட்டா இருட்டினப்புறம்தான் வீட்டுக்கு வருவே. பஸ்ஸும் போச்சு. நாலு மணிக்கு நீயும் வரலேன்னா நான் யார்கூட டீ குடிக்கிறது?" என்று கேட்டுவிட்டேன். இது மனசுக்குள் கிடந்தது எனக்கே தெரியாது. உங்கள் தங்கை "ஐ கெட் இட்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூடைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மூலையில் வைத்துவிட்டாள். அந்த கெட் வெள்ளைக் கூடைக்குப் போவது என்று எனக்கும் தெரியும். ஆனால் அதிலிருந்து பயிற்சியும் இல்லை, பேச்சும் இல்லை. ஆகையால், "இந்த வயசுல பதவியெல்லாம் எதுக்கும்மா, பேசாம இரு" என்று நீங்களே ஒரு போன் போட்டு அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்னதாக மூச்சு விடாதீர்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எல்லா நலமும் பெற்று, அளவான ஆங்கிலத்தோடு நீண்டகாலம் வாழட்டும்.

இப்படிக்கு,
டீக்கு வழியில்லாத உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: தபால்தலை வாங்கப் போகச் சோம்பல்பட்டதில் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. போன் போட வேண்டாம். வேலை கிடைத்துவிட்டது, அவளுக்கு மட்டுமல்ல. "முதல்ல எதை மாத்துவீங்க?" என்று மேலாளர் ஆங்கிலத்தில் கேட்டாராம். சலவை வண்டி தினமும் கெட்ஸ் லேட், ஐ வில் கெட் மை ஹஸ்பண்ட் டு டிரைவ் இட் என்று இவள் போட்டாளாம் ஒரு போடு. மஞ்சள் கூடை! திங்கள் முதல் வண்டி என் கையில். வேலை இடத்தில் அவளை மேடம் என்றுதான் கூப்பிட வேண்டுமாம். மேடத்தின் முதல் உத்தரவு: வண்டி எங்கே சுற்றினாலும் நாலு மணிக்கு ஓட்டல் பின்வாசலுக்கு வந்துவிட வேண்டும், ஓட்டுநருக்கும் மேற்பார்வையாளருக்கும் அப்போதுதான் டீ. கூடைகளை நானே மறுபடி வரிசையாக வைத்துவிட்டேன். அடுத்த வினைச்சொல்லை உடனே அனுப்புங்கள் மச்சான்.