சிவப்பைத் தொட்ட முள்

காரின் வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டதும் பெண்ணின் அப்பா ஸ்டீயரிங்கில் ஓங்கி அடித்தார். பன்னிரண்டு மணிக்குப் பதிவு அலுவலகத்தில் மகளுக்குக் கல்யாணம். அவள் வேண்டாம் என்று தலைகீழாக நின்றும், 'எனக்குத் தெரியாதா' என்று ஒரே பிடியாக அவர் முடித்த சம்பந்தம். போயும் போயும் இன்றைக்கா இந்த வண்டிக்குக் காய்ச்சல் வரவேண்டும்!

"ஹீட்டரை முழுசாப் போடுங்கப்பா. இன்ஜின் சூடு கொஞ்சம் குறையும்" என்றாள் மகள்.

போட்டார். இன்ஜின் குளிர்ந்ததோ இல்லையோ, உள்ளே மூவரும் வெந்தார்கள். கல்யாணப் பெண்ணின் மையும் பவுடரும் கழுத்துக்கு இறங்கிவிட்டன. பின்சீட்டில் மனைவி விசிறிக்கொண்டிருந்தாள்.

குப்பென்று ஆவி கிளம்பியது. ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, கைக்குட்டையோடு ரேடியேட்டர் மூடிக்குப் பாய்ந்தார். மகள் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தொடாதீங்க! தீக்காய வார்டுல இந்த மாதிரி வெந்த மூஞ்சிக்குத்தான் தினம் கட்டுப் போடறேன். அரை மணி நேரம் ஆறட்டும்."

"அரை மணியா? மானம் போயிடும்டி!"

அவள் மெக்கானிக்கைக் கூப்பிடத் திரும்பிய நேரம், துண்டைச் சுற்றி மூடியை லேசாகத் திருகினார். புஸ்ஸென்று சீறியதும் அலறிப் பின்னால் தாவினார். முகம் பிழைத்தது. மனிதர் சாக்கடையில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசி அவருக்கும் முன்னால் உள்ளே போயிருந்தது.

பன்னிரண்டு மணி தாண்டியதும் மனைவியின் போன் அடித்தது. சம்பந்தி கத்தியது சாக்கடை வரை கேட்டது.

"போனைக்கூட எடுக்காத குடும்பத்துல எங்களுக்குச் சம்பந்தமே வேண்டாம்!"

அவர் சேற்றோடு சாலையோரம் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எல்லாம் போச்சு. இனி யார் முகத்தில் விழிப்பது?

மெக்கானிக் வந்து வண்டிக்கு அடியில் தலையை விட்டான்.

"ஓட்டை எதுவும் இல்லை சார். தண்ணி இறக்குற திருகை யாரோ தளர்த்தி வச்சிருக்காங்க. வழியெல்லாம் ஒழுகியிருக்கு."

"எவன் அவன்? அவன் கை வெந்து போக!"

மனைவி விசிறியை மடக்கினாள்.

"ஒண்ணும் வேகலைங்க. காலையில, இன்ஜின் ஆறியிருந்தப்போதான் தளர்த்தினேன்."