கதவின் மேல் நடந்த பூசை

குளூன்மோர், மேயோ மாவட்டம், அயர்லாந்து.
வெள்ளிக்கிழமை. மழை. வேறென்ன இருக்கப் போகிறது?

பாஸ்டன் மாநகரில் வெந்நீர்க் குழாயும் பேரப்பிள்ளைகளுமாகச் சகல சௌகரியங்களோடு கொலுவீற்றிருக்கும் என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அக்கா டீலியாவுக்கு, உன் ஒரே தம்பி மலாக்கி டர்கன் வணக்கத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நான் இங்கே நலம். என் இடது முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மறுக்கிறது. அங்கே நீயும் பிள்ளைகளும், உன்னோடு ஒரே கட்டிலில் படுக்கிறதாமே அந்தப் பூனையும், நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

நீ ஜெயித்துவிட்டாய், அக்கா. நீ அனுப்பிய விமான டிக்கெட் அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. ‘தனியாகக் கிடந்து சாகாதேடா, அந்த வீட்டை விற்றுத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்து சேர்’ என்று எழுதியிருந்தாயே, அதற்கு இத்தனை நாள் நான் பதில் போடாதது கோபத்தினால் அல்ல. வீட்டுப் பூசை முறை இந்தத் தடவை நம் வீட்டுக்கு வந்துவிட்டது, பேனாவைத் தொட நேரமில்லை. பூசை நேற்றோடு முடிந்தது. நானும் முடிந்தேன். ஆகவே வீட்டை விற்கிறேன். டப்ளினிலிருந்து ஒரு தம்பதி இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மழை பெய்தால் அவர்களுக்கு ‘ஆகா, என்ன அழகு’ என்று இருக்கிறதாம். இப்படிப்பட்டவர்கள் தலையில்தான் இந்த வீட்டைக் கட்ட வேண்டும். ஆனால் உன் புத்திமதியால் நான் மனசு மாறினேன் என்று நீ பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

‘முறையை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட வேண்டியதுதானே’ என்று நீ சுலபமாகக் கேட்பாய். எப்படியம்மா தள்ளுவது? இங்கிலாந்துக்காரன் சட்டம் போட்டுக் கத்தோலிக்கச் சாமியார்களை முயல் வேட்டையாடுகிற மாதிரி வேட்டையாடிய காலத்தில், நம் பாட்டன்மார் வீட்டுக்கு வீடு ஒளித்து வைத்து ஆரம்பித்த பூசை இது. அப்புறம் சட்டம் போயிற்று, இங்கிலாந்துக்காரனும் போனான், ஊர் நடுவில் பெரிய கோயிலும் கட்டியாயிற்று. வீட்டுப் பூசை மட்டும் போகவில்லை. ஏனென்றால் நடுவில் எப்போதோ அதோடு காலைச் சாப்பாடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி அதை எந்த ராஜாவாலும் ஒழிக்க முடியாது. முறை வருகிற வீட்டுக்காரன் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், மாட்டுக்கொட்டகைக்கு அடிக்க வேண்டும், மாடு அசையாமல் நின்றால் அதற்கும் அடிக்க வேண்டும். இதெல்லாம் ஆண்டவருக்காக என்றா நினைக்கிறாய்? பக்கத்து வீட்டு விண்ணி கோகனுக்காக. ஆண்டவருக்கு எல்லாம் தெரியும், மன்னிப்பார். விண்ணிக்கும் எல்லாம் தெரியும், மன்னிக்க மாட்டாள்.

முதலில் புகைபோக்கி. அதைச் சுத்தம் பண்ண ஆம்ப்ரோஸ் ருவேன் வந்தான். ஆமாம், அதே ஆம்ப்ரோஸ்தான், மேட்டு நிலத்துக்காரன், இன்னும் கல்யாணம் பண்ணவில்லை, இன்னும் அதே தொப்பி. அப்பா செய்வது போலவே முள்செடி ஒன்றைக் கயிற்றில் கட்டிப் புகைபோக்கிக்குள் விட்டு, அவன் கூரை மேலிருந்து ஒரு இழுப்பு, நான் அடுப்படியிலிருந்து ஒரு இழுப்பு என்று ஏற்பாடு. பாதி வழியில் செடி சிக்கிக்கொண்டது. “இழுடா மலாக்கி!” என்று மேலேயிருந்து கத்துகிறான். “இழுத்துக்கிட்டுதான்டா இருக்கேன்!” என்று நான் கத்துகிறேன். “சாப்பிட்டவன் மாதிரி இழுடா!” என்றான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு காலையும் அடுப்புக் கல்லில் ஊன்றி ஒரே இழுப்பு. முதலில் செடி வந்தது, அதன் பின்னால் மூன்று தலைமுறைக் காக்கைக் கூடு வந்தது, அதற்கும் பின்னால் நீ போன நாளிலிருந்து சேர்ந்திருந்த கரி மொத்தமும் வந்தது, கடைசியாகப் புகைபோக்கியின் செங்கல் ஒன்று தனியாக வந்து அம்மாவின் சாப்பாட்டு மேஜை மேல் விழுந்து அதன் காலை ஒடித்தது. மேஜை மேல் பூசைக்கென்று நான் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த வெள்ளை விரிப்புகளை இனிமேல் துக்க வீட்டுக்குத்தான் கொடுக்கலாம். ஆம்ப்ரோஸ் இறங்கி வந்து என்னைப் பார்த்தான். “அடுப்பு இப்ப நல்லா எரியும்” என்றான். அவ்வளவுதான் சொன்னான், மனுஷன்.

அடுத்தது வாசல் கதவு. விண்ணி வந்து ஈரச் சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திப் பார்த்தாள். அது சாத்த வரவில்லை. “ஒவ்வொரு பூசைக்கும் பெயிண்டு மேல பெயிண்டா அப்பி வச்சிருக்கீங்க. கதவா இது? குளிர்காலத்து ஆளு மாதிரி எத்தனை சட்டை போட்டிருக்கு பாரு. கழட்டிச் சுரண்டு” என்றாள். சரியென்று கழற்றி, இரண்டு எண்ணெய்ப் பீப்பாய்கள் மேல் படுக்கப் போட்டுச் சுரண்ட ஆரம்பித்தேன். அங்கேதான் அக்கா, வினை.

மேலே நீலம். அது போன முறை நானே அடித்தது, கடையில் வேறு நிறம் மிச்சமில்லை. அதற்குக் கீழே பழுப்பு. அது அம்மா காலமான வருஷம். எந்த நிறத்தைப் பார்த்தாலும் மனசு ஒப்பவில்லை. அதற்கும் கீழே மஞ்சள், போப்பாண்டவர் நம் பக்கத்து நாக் ஊர் மாதா கோயிலுக்கு வந்த வருஷம், அவர் கொடி நிறமென்று ஊர் முழுக்க ஒரே மஞ்சளாய்த்தான் இருந்தது. அப்புறம் பச்சை. அது மின்சாரம் வந்த வருஷம். நற்கருணையை உயர்த்திப் பிடித்த நேரத்தில் ஜனங்கள் மொத்தமும் தலையை நிமிர்த்திப் பல்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சாமியாருக்கு வந்ததே கோபம்! நான் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே சுரண்டினேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. பச்சை உரிந்ததும் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது அந்தச் செம்மஞ்சள்.

ஞாபகம் இருக்கிறதா? கழுதை வண்டிச் சக்கரத்துக்கு அடிக்கிற நிறம். அப்பா சந்தையில் பேரம் பேசி வாங்கிவந்து, ‘கண்ணுக்குப் பளிச்சுன்னு இருக்கு பாரு’ என்று வாசல் கதவுக்கே அடித்துவிட்டார். ஊரே நம்மை ‘வண்டிக்கார வீடு’ என்று கூப்பிட்டது. நீ கப்பல் ஏறுவதற்கு முந்தின பூசை அது. அமெரிக்காவுக்கென்று வாங்கின புதுக் கோட்டைப் பூசையன்று ஊருக்குக் காட்டியே ஆக வேண்டும் என்று போட்டுக்கொண்டு வந்து, ஒய்யாரமாக ஈரக் கதவில் சாய்ந்தாயே! அந்த இடம் அப்படியே இருக்கிறது, அக்கா. உன் முழங்கைக்கு மேலே, கோட்டுத் துணியின் நெசவு வரிவரியாகப் பெயிண்டில் பதிந்திருக்கிறது. ஒட்டிக்கொண்ட ஒரு நூல்கூட இருக்கிறது. அதற்குப் பிறகு நீ கிளம்புகிற நாள் வரைக்கும் அம்மா அந்தக் கோட்டுக் கையை மேஜையில் விரித்துப் போட்டு, டர்பன்டைனைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டே அழுதாள். நான் அரைக்கால் சட்டை போட்ட பயல். அம்மா கோட்டுக்காகத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். கறை போகவில்லை. நீதான் போனாய். எனக்கு அதற்கு மேல் கை ஓடவில்லை. சுரண்டுகிற கரண்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்த் தேநீர் போட்டேன். போட்டதைக் குடிக்கவும் மறந்துவிட்டேன்.

விளைவு என்னவென்றால், பூசையன்று காலையில் விண்ணி வந்தபோது வாசலுக்குக் கதவு இல்லை, வீட்டுக்குள் மேஜை இல்லை, மழை உறவுக்காரன் மாதிரி நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது. “மாதாவே! பூசையை எங்கய்யா வைக்கப் போற, உன் தலையிலயா?” என்று அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே ஆம்ப்ரோஸ் வந்தான். கதவையும் பீப்பாய்களையும் சமையலறைக்குள் தூக்கி வந்து போட்டான். “இதோ பீடம்” என்றான். அதன் மேல் விரிக்கக் கரி படாத துணி இந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நீ ஒரு கிறிஸ்துமஸுக்கு அனுப்பினாயே, சிவப்புச் சிவப்பாய்ச் சிங்கி இறால் படம் போட்ட பாஸ்டன் விரிப்பு. அதையே விரித்தோம். கதவுக்கு அது பத்தவில்லை. ஒரு ஓரம் வெளியே தெரிந்தது. இப்படியாக, நம் குடும்ப வரலாற்றிலேயே முதல் முறையாக, இறால்களின் நடுவே பூசை நடந்தது.

பங்குக்கு வந்திருக்கும் ஃபாதர் கோல்மன் சின்ன வயசு, கால்வே பட்டணத்துப் பிள்ளை. முதலில் என் படுக்கையறையில் உட்கார்ந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். வழக்கம்போல உள்ளே சொல்கிற பாவம் வெளியே இருப்பவர்கள் காதில் விழாமலிருக்க எல்லோரும் சேர்ந்து இருமினோம். விண்ணியின் முறை வந்தபோது மட்டும் ஒருத்தரும் இருமவில்லை. அப்புறம் பூசை. நடுவில் கோழி ஒன்று மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்து பீடத்துக்கு அடியில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டது. “கதவில்லாத வீட்டுல நான் பூசை வைக்கிறது இதுதான் முதல் தடவை” என்றார் ஃபாதர். “எங்களுக்கும்தான், ஃபாதர்” என்றாள் விண்ணி, என்னைப் பார்த்து. செத்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவத்துக்காக வேக எனக்கு இனி ஒரு நாளும் பாக்கியில்லை, அக்கா. எல்லாவற்றையும் நேற்றே கழித்துவிட்டேன்.

பூசை முடிந்து அதே கதவின் மேல் சாப்பாடு. ஃபாதர் முட்டையை உடைத்துக்கொண்டே விரிப்புக்கு வெளியே தெரிந்த ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“இது என்ன, யாரோ துணியை வச்சு அழுத்தின மாதிரி இருக்கே?”

“அது டீலியா, ஃபாதர்” என்றாள் விண்ணி, என்னவோ நீ அந்தப் பக்கத்தில் ரொட்டி வெட்டிக்கொண்டிருப்பது போல. “இவனோட அக்கா. அமெரிக்கா போறதுக்கு முன்னாடி புதுக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஈரக் கதவுல சாஞ்சுட்டா. அவங்கம்மா போட்ட சத்தம் எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு.”

“பச்சைக் கோட்டு” என்றான் ஆம்ப்ரோஸ், முட்டையிலிருந்து தலையைத் தூக்காமல். “பெரிய பித்தான் வச்சது. இடது கை.”

“பாருங்க ஃபாதர்” என்றாள் விண்ணி. “போன வாரம் எங்கிட்ட வாங்கின ஏணியை எங்க வச்சான்னு கேட்டா ஞாபகமில்லங்கறான். பித்தான் ஞாபகமிருக்கு!”

அவன் காது இரண்டும் சிவந்துபோயிற்று. ஃபாதர் பாவம், பேச்சை மாற்றுவதற்காக, “அடுத்த சுற்றுல இந்த வீடு உண்டா, மலாக்கி?” என்று கேட்டுவைத்தார். டப்ளின்காரர்கள் வந்துபோனது ஊருக்கே தெரியும். எல்லோரும் அவரவர் கோப்பைக்குள் பார்த்தார்கள். “அதுக்குள்ள நான் அக்காகிட்டப் போயிடுவேன், ஃபாதர்” என்றேன். எங்கள் பக்கத்தில் ஏற்கெனவே பாதி வீடுகளில் விளக்கு எரிவதில்லை, உனக்கே தெரியும். ஆம்ப்ரோஸ் எழுந்துபோய் மழை விட்டதா என்று பார்த்தான். விடவில்லை. இருந்தாலும் போய்விட்டான்.

ஆக, இதுதான் சங்கதி. கூரை ஒழுகுகிறது, மேஜைக்குக் கால் இல்லை, எனக்கும் ஏறக்குறைய இல்லை. டப்ளின்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்; கைகொடுத்து முடித்துவிடுவேன். அப்புறம் உன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து உன் பூனையைத் திட்டிக்கொண்டு காலத்தை ஓட்டிவிடலாம். இனி என் மனசை யாரும் மாற்ற முடியாது.

உன் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசீர்வாதம். சந்தோஷமாக உன் மழையில்லாத ஊரில் நீ நீடூழி வாழ நம் ஊர்க் கிணற்று மாதா துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் சொல்லைக் கடைசியில் கேட்டுவிட்ட தம்பி,
மலாக்கி.

பின்குறிப்பு: ஞாயிறு சாயங்காலம். டப்ளின்காரர்கள் வந்தார்கள். எல்லாம் பிடித்திருக்கிறதாம், முதல் வேலையாக இந்தப் பழைய கதவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடிக் கதவு வைப்பார்களாம். அந்தம்மா அந்தச் செம்மஞ்சளை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். விற்பதற்கில்லை என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் ஆம்ப்ரோஸ் அவர்கள் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு நாங்கள் இரண்டு பேருமாய்க் கதவை மாட்டினோம். இப்போது நன்றாகச் சாத்த வருகிறது. விண்ணிக்கு இடுப்பு வலி என்பதால் வசந்தத்தில் அவள் வீட்டு முறையையும் நம் வீட்டிலேயே வைக்க நானே எடுத்துக்கொண்டேன். ‘தனி ஆளா எப்படிச் சமாளிப்பே?’ என்று ஃபாதர் கேட்டார். என் அக்கா வருகிறாள் என்று சொல்லிவிட்டேன். ஃபாதரிடம் சொன்ன வார்த்தை, இனி உன் பாடு. டிக்கெட்டை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதைத் திருப்பிப் பிடித்தால் அங்கிருந்து இங்கே வரலாம் என்கிறான் ஆம்ப்ரோஸ், விமானக் கம்பெனிக்காரனைக் கேட்டுப் பார். அந்தக் கோட்டு இன்னும் இருந்தால் எடுத்துக்கொண்டு வா. பூசைக்கு முந்தின நாள் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பேன், உன் கை பட்ட இடத்தை மட்டும் விட்டுவிட்டு. அது காய்வதற்குள் வந்து சேர், அக்கா. சாய்ந்தாலும் இந்தத் தடவை யாரும் திட்டமாட்டார்கள்.