தெங்கின் மதர்போர்டு எனக்கு வேண்டாம்

தைபே, வான்ஹுவா
புதன்கிழமை மாலை

மதிப்புக்குரிய மைத்துனர் ஜுன்-யென் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் காவ் சுங்-மிங் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அக்கா ஹுய்-சினும் நலம். அங்கு நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். பத்தொன்பது வருடம் உழைத்த என் கையில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அட்டைப்பெட்டியைக் கொடுத்து அனுப்பிவிட்ட கம்பெனியில் இன்னும் சம்பளம் வாங்குகிறவருக்கு நலத்துக்கு என்ன குறை? மூன்று வருடமாகப் பேசாதவன் கடிதம் எழுதுகிறானே, சமாதானத்துக்கு வருகிறான் என்று எண்ணிவிட வேண்டாம். ஒரு தொழில்நுட்பக் கேள்வி இருக்கிறது. போனில் கேட்டால் நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கும். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். திங்கட்கிழமை காலை உங்கள் அக்காவின் கம்ப்யூட்டர் செத்துப்போனது. கல்யாண விருந்தில் திரையில் ஓடுகிற படங்களை அவள் அதில்தான் செய்கிறாள். மாப்பிள்ளை தவழ்ந்தது, பெண்ணுக்குப் பல் விழுந்தது, இருவரும் கடற்கரையில் கைகோத்து நின்றது எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். என்னை அனுப்பிய நாளிலிருந்து இந்த வீட்டில் அடுப்பெரிவது அந்தக் கம்ப்யூட்டரால்தான். இதை நானும் சொல்வதில்லை, அவளும் சொல்வதில்லை, மின்கட்டணச் சீட்டு வரும்போது மட்டும் இருவரும் வெவ்வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறோம். வரும் ஞாயிறு மதியம் பான்சியாவில் ஒரு மண்டபத்தில் முப்பத்திரண்டு மேசை விருந்து. பெண்ணின் தகப்பனார்தான் அந்த மண்டபத்துக்கு மேலாளர். படம் அவருக்குப் பிடித்துவிட்டால் அங்கே நடக்கிற கல்யாணம் அத்தனையும் ஹுய்-சினுக்கு. படம் வராவிட்டால் இதுவும் போச்சு, இனி வருவதும் போச்சு.

கம்ப்யூட்டர் சாகக் காரணம் நான்தானாம். இயந்திரம் சொன்னபடி கேட்க வேண்டும் என்று, இந்த ஊரில் எல்லோரும் வைப்பது போல, அதன் தலைமேல் 'சமர்த்து' என்று பெயர் போட்ட பச்சைத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று வைத்திருந்தாள். ஞாயிறு மாலை பசித்தது, பிரித்துத் தின்றுவிட்டேன். செத்த போர்டைக் கழற்றி, வீங்கிப்போன மின்தேக்கிகளைக் காட்டி, இது எட்டு வருட வெப்பத்தின் வேலை என்று பொறுமையாக விளக்கினேன்.

"எட்டு வருஷமா வீங்கிட்டே இருந்தது, நீங்க தின்ன மறுநாளாப் பாத்துச் செத்துச்சாக்கும்?" என்றாள். கணிதப் பட்டதாரி.

கடையில் செய்துவைத்த கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கிவிடலாம் என்றாள். அந்த டப்பா என் வீட்டுக்குள் வராது என்றேன். இருப்பதிலேயே மலிவான பிராசஸரை வாங்கி, ஓவர்கிளாக் செய்து, இரண்டு மடங்கு விலையுள்ளது ஓடுகிற வேகத்தில் ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். பிராசஸர் சரியாகத்தான் வாங்கினேன். ஆனால் நோஞ்சானை ஓட வைப்பது அதற்குச் சோறு போடுகிற மதர்போர்டு. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற ஃபேஸ்கள் போதாவிட்டால் வேகம் ஏறாது, சூடுதான் ஏறும். இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான்.

செவ்வாய் காலை குவாங்ஹுவா சந்தைக்குப் போனேன். திருமதி லாய் கடையில் என் விலைக்குள் ஐந்து போர்டுகள் இருந்தன. முதலாவதில் வேகத்தை ஏற்றுகிற வசதியையே பூட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாவதைச் செய்கிற கம்பெனியின் பழுதுபார்க்கும் மேசையில் முன்பொரு நாள், சுவிட்சைப் போட்டீங்களா என்று என்னைப் பார்த்து ஒருவன் கேட்டான். என்னைப் பார்த்து! மூன்றாவது உங்கள் கம்பெனியின் நீலப்பெட்டி, அதைக் கையால் தொடுவதற்கே மனம் வரவில்லை.

"அப்போ இந்த நாலாவதை எடுத்துக்குங்க சார். ஆறு ஃபேஸ், தடியான ஹீட்சிங்க். இதுவரைக்கும் ஒண்ணுகூடத் திரும்பி வரல."

"யார் செஞ்சதுன்னு தெரியுமா? தெங் குவோ-வெய். என்கிட்ட வேலை பாத்தவன். நான் வரைஞ்ச பவர் டிசைனைத் தூக்கிட்டுப் போய் எதிர்க் கம்பெனில வித்தவன்."

"சார், போர்டு வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? குலம் கோத்திரம் எல்லாம் விசாரிக்கிறீங்க!"

பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். ஐந்தாவதை எடுத்தேன். பெயரே கேள்விப்படாத கம்பெனி. அங்கே எனக்கு யாரையும் தெரியாது, என்னையும் யாருக்கும் தெரியாது. பெட்டியில் பன்னிரண்டு ஃபேஸ் என்று போட்டிருந்தது.

வீட்டில் எண்ணினால் நாலு. அவற்றின்மேல் சூட்டை இழுக்கிற தகடு ஒன்றுகூட இல்லை. இருந்தாலும் நாலு புள்ளி இரண்டு கிகாஹெர்ட்ஸ் வரை வேகத்தை ஏற்றினேன். கம்ப்யூட்டரின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மேசை விசிறியை அதன் முகத்துக்கு நேராக வைத்தேன். ஹுய்-சின் படத்தை ஒரே கோப்பாக்கி வெளியே எடுக்க ஆரம்பித்தாள், அறுபத்தொரு சதவிகிதத்தில் அணைந்தது. பெரிய விசிறியாக மாற்றினேன், எண்பத்தெட்டில் அணைந்தது. பிராசஸரின் வேகத்தைக் குறைத்தேன், போர்டு அதற்குள் வெந்துவிட்டது போலும், ஐம்பதில் அணைந்தது. மீன் பொரிக்கிற வாசனை வருகிறதே என்று எதிர்வீட்டம்மா ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். பெண்ணின் தகப்பனார் இதுவரை நாலு முறை போன் செய்துவிட்டார். உங்கள் அக்கா ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே பேசிவிட்டு, போனை வைத்ததும் என்னைப் பார்க்கிறாள்.

"ஏங்க, வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பொறுப்பேன். அப்புறம் தம்பிக்கு ஒரு போன் போட்டேன்னா முடிஞ்சுது. நீங்களா கேக்கறீங்களா, நான் கேக்கட்டுமா?"

ஆகவே நானே கேட்கிறேன். உங்கள் நீலப்பெட்டியில் இருப்பது உண்மையில் ஆறு ஃபேஸா, அல்லது மூன்றை இரட்டித்துக் கணக்குக் காட்டியிருக்கிறீர்களா? நாலு புள்ளி இரண்டில் ஒரு மணி நேரம் தாங்குமா? இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், ஆம், இல்லை என்று மட்டும் உடனே போனில் எழுதி அனுப்பினால் போதும். திருடன் செய்த போர்டைவிட என்னைத் துரத்தியவர்கள் செய்த போர்டு எவ்வளவோ மேல் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் நடு இலையுதிர்ப் பண்டிகையன்று மாடியில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தபோது, கையில் இடுக்கியோடு, என் உறவுக்காரர்கள் ஒன்பது பேர் முன்னால், "அத்தான், தெங் போட்டது உங்க டிசைன் இல்ல, நான் ரெண்டையும் பாத்தேன்" என்று நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அன்று பாதி வெந்த இறைச்சியோடு எழுந்து போனவன் நான். அந்த வார்த்தையை இன்றுவரை மன்னிக்கவும் இல்லை என்பதைப் பதில் எழுதும்போது மனதில் கொள்ளவும்.

உங்கள் மனைவிக்கும் பெண்ணுக்கும் என் ஆசிகள். உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், முழங்கால் வலிக்கு நான் சொன்ன தைலத்தைத்தான் தடவுகிறார்களா என்று கேட்கவும். உங்கள் மேலதிகாரிகளுக்கு என் வணக்கம் எதுவும் இல்லை.

இப்படிக்கு,
காவ் சுங்-மிங்

பின்குறிப்பு, வியாழன் மாலை: நேற்று நான் போவதற்குள் தபால் நிலையத்தை மூடிவிட்டார்கள். காலையில் ஹுய்-சின் இந்தக் கடிதத்தை மேசைமேல் கண்டு முழுவதும் படித்தாள். குடையை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு மணி நேரத்தில் தெங்கின் போர்டோடு திரும்பினாள். "மாட்டுங்க" என்றாள். மாட்டுவதற்கு முன், திருட்டைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று தகட்டைக் கழற்றிவிட்டுப் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் பார்த்தேன். என் கோடு ஒன்றுகூட அதில் இல்லை. நான் நெருக்கியடித்து வைத்திருக்கக்கூடிய இடத்தில் அவன் காற்றுக்கு வழி விட்டிருக்கிறான். என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. நாலு புள்ளி இரண்டில் படம் முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது, பெண்ணின் தகப்பனார் பார்த்துவிட்டுப் போனிலேயே அழுதாராம். திங்கட்கிழமை உன்னைக் குடும்பத்தோடு சாப்பிடக் கூப்பிடச் சொல்கிறாள் உன் அக்கா. நானும்தான் கூப்பிடுகிறேன். வருகிறாயா இல்லையா என்று எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது, "நான் அப்பவே சொன்னேன்" என்கிற மூன்று சொல்லை மட்டும் எழுதாதே.