இளவெயில் பந்தயம்

2024 பிப்ரவரி 12, திங்கட்கிழமை. ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மருத்துவ அறையில், செக்யூரிட்டி திருநாவுக்கரசின் ரத்தத்தில் வைட்டமின் டி பதினொன்று என்று பதிவானது. அவருக்கு வயது அறுபது.

"குறைஞ்சது இருபது வேணும்," என்றார் டாக்டர். "கையை ஊனாம நாற்காலியிலேர்ந்து எழுந்திருக்க முடியல. நான் எப்படி ஃபிட்னு கையெழுத்து போடுறது?"

அந்தக் கையெழுத்து விழுந்தால்தான் வேலை இன்னும் ஓராண்டு நீளும்.

"இன்னா சார் சொல்றீங்க? நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்?"

"ஊர்ல இருக்கு. உங்க மேல படலையே! பன்னெண்டு வருஷமா நைட் ஷிஃப்ட், கேமரா ரூம். பகல்ல ஜன்னலைச் சாத்திட்டு தூக்கம். வயசானா தோலும் கம்மியாதான் உற்பத்தி பண்ணும். வெயில்ல நிக்கணும்னா பதினோரு மணிக்கு மேல நில்லுங்க."

வாரத்துக்கு ஒன்றாக எட்டுப் பாக்கெட் பவுடரும் எழுதினார். ஏப்ரல் 8 மறுபரிசோதனை.

சேரப்பணஞ்சேரி வீட்டில் பாக்கெட்டுகளை மனைவி பெருந்தேவியிடம் தள்ளினார்.

"சூரியனையே பொட்டலம் கட்டி விக்கிறானுங்க! நீ குடி. உனக்கும் முட்டி வலி கீது இல்ல? நான் வெயில்ல காயறேன். எட்டு வாரம் கழிச்சு ரெண்டு பேரும் ரத்தம் குடுப்போம். யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாப்போம்."

"வேலை போச்சுன்னா பகல் பூரா வூட்லயே இருப்பீங்களா?"

"பின்ன?"

பெருந்தேவி பாக்கெட்டுகளைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார்.

மறுநாளே திருநாவுக்கரசு பகல் ஷிஃப்டுக்கு மாறினார். கேட்டில் கண்ணாடிக் கூண்டு. நாள் முழுக்க வெயில் கொட்டியது. பத்து நாள் பரவசமாக வெந்தார். பதினோராம் நாள் சேஃப்டி ஆபீசர் ரகு எட்டிப் பார்த்தார்.

"அண்ணே, கண்ணாடி வழியா வர்ற வெயில்ல வேர்வைதான் வரும். வைட்டமின் வராது."

உடனே லாரி யார்டுக்குப் பாய்ந்தார். யார்டில் கால் வைத்தால் ஹெல்மெட், முழுக்கைக் கோட்டு, கையுறை, கண்ணாடி, கழுத்துத் துணி எல்லாம் கட்டாயம். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"மூக்கு போதுமா சார்?"

"அதுக்கும் மாஸ்க் இருக்குண்ணே. தூசி பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு, லுங்கியோடு, வெற்றுடம்பாக, சொந்த மொட்டைமாடியில் மல்லாந்தார். யார் என்ன செய்ய முடியும்?

மாடி அறையில் வாடகைக்கு இருந்தது மாரிசெல்வியும் ஐந்து பெண்களும். தென்காசிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் துணி துவைக்க அந்த ஒரு நாள்தான். வாளியோடு ஏறினார்கள், பார்த்தார்கள், இறங்கினார்கள். திங்கட்கிழமை ஆறு பேரும் ஈர யூனிஃபார்மில் வேலைக்குப் போனார்கள்.

"மாமா, லைன்ல நின்னா சொட்டுது," என்றாள் மாரிசெல்வி. "ஒங்க ஊர்ல மழையான்னு சூப்பர்வைசர் கேக்காரு!"

பெருந்தேவி பஞ்சாயத்து பேசினார். மாடி காலை ஆறிலிருந்து ஏழு வரை அவருக்கு, மற்ற நேரம் துணிக்கு. சமாதானமாக, ஞாயிறுதோறும் மாரிசெல்விக்குக் கீழே சாப்பாடு.

"இளவெயில்தான் ஒடம்புக்கு நல்லது," என்று திருநாவுக்கரசு தன்னையே தேற்றிக்கொண்டார். பனி விலகாத மாடியில் தினமும் நடுங்கியபடி நின்றார். வெயில் உறைக்கத் தொடங்கும்போது அவர் நேரம் முடிந்திருக்கும்.

ஏப்ரல் 8. இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். திருநாவுக்கரசு நாற்காலியில் உட்கார்ந்தார். கை ஊன்றாமல் எழுந்தார். ஐந்து தடவை! டாக்டர் பேனாவைத் தேடினார்.

மறுநாள் மாலை ரிப்போர்ட்டும் மைசூர்பாகுமாக வீட்டுக்குள் ஓடிவந்தார். வாடகை கொடுக்க வந்த மாரிசெல்வி ஒதுங்கி நின்றாள்.

"முப்பத்தொன்னு! நான் முப்பத்தொன்னு! நீ எவ்ளோ தெரியுமா? ஒம்போது! எட்டுப் பாக்கெட் குடிச்சும் ஒம்போது! சூரியன் பாஸு, பவுடரு ஃபெயிலு! இன்னா சொல்ற?"

பெருந்தேவி முட்டியைப் பிடித்தபடி எழுந்து மைசூர்பாகை வாங்கிக்கொண்டார். "நீங்கதாங்க ஜெயிச்சீங்க. ஒரு வருஷம் நிம்மதி."

மாரிசெல்விதான் விழித்தாள்.

"அத்த எப்பம் பவுடரு குடிச்சாவ மாமா? ஞாயித்துக்கெழமதோறும் ஒங்க மோர்லல்லா கலக்குனாவ!"

திருநாவுக்கரசின் வேலை ஓராண்டு நீண்டது. பெருந்தேவிக்கு எட்டுப் பாக்கெட் எழுதப்பட்டது.